என் பெயரில் வாங்கிய தாம்பூலம்

ஞானப்பிரகாசம் காலையில் போன் செய்து, நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டான். சிதம்பரத்தில் வீட்டில்தான் இருக்கிறேன், இப்போதுதான் குளித்துவிட்டு வந்தேன் என்றேன். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்ப இங்க என் ஐஸ் பிளாண்ட்ல உக்காந்து காபி குடிக்கிற தங்கராசு யாரு மச்சான்?" என்றான்.

அவன் விளையாட்டுக்கு இப்படிப் பேசுகிறவன் அல்ல. கல்லூரி விடுதியில் நானும் அவனும் ஒரே அறை. கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கம் உப்பனாற்றங்கரையில் அவன் அப்பா கட்டிய ஐஸ் பிளாண்ட் இருக்கிறது. ஓட்டம் நின்று பல வருடமாகிறது. மாதா கோயில் திருவிழாவுக்குப் பந்தல் சாமான் போட்டு வைப்பான், மற்றபடி சினிமாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவான். இப்போதும் ஒரு படம் நடக்கிறது. அன்று காலை யூனிட் ஆட்கள் அவனிடம், சண்டைக் காட்சியில் மேலேயிருந்து விழப்போகிற பெண்ணின் பெரியப்பா சிதம்பரத்திலிருந்து வந்திருக்கிறார், பெயர் தங்கராசு, காட்டுமன்னார்கோயிலில் ரைஸ்மில் வைத்திருக்கிறவர் என்று சொல்லியிருக்கிறார்கள். என்னைப் பார்க்கிற சந்தோஷத்தில் இவன் வேகமாகப் போயிருக்கிறான். அங்கே வேறொரு ஆள் இருந்தார்.

"உன்ன மாதிரியே வேட்டி, உன்ன மாதிரியே மொறைப்பு. ஆனா நீ இல்ல" என்றான்.

எந்தப் பெண் என்று கேட்டேன்.

"உன் தம்பி மவதான். கயல்விழி."

நான் போனை வைத்துவிட்டேன். கயல்விழி தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. அப்படித்தான் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. என் தம்பி ராமாமிர்தம் இறந்தபோது அவள் பாவாடை சட்டைப் பிள்ளை. அதன்பின் அவள் படிப்பு, துணிமணி, காது குத்து, எல்லாம் என் கையால் நடந்தது. முழங்கையில் காயத்தோடு வருவாள். கபடி சொல்லிக்கொடுத்தேன் பெரியப்பா என்பாள். சொல்லிக்கொடுக்கிறவளுக்கு ஏன் அடிபடுகிறது என்று ஒருமுறை கேட்டதற்கு, பிள்ளைகள் பலசாலிகள் என்றாள்.

வீட்டில் யாரிடமும் சொல்லாமல் கடலூர் பஸ் ஏறினேன். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று அது நின்று நின்று போனது. எங்கள் குடும்பம் சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் குடும்பம். வெள்ளாற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எங்கள் பெயரைச் சொன்னால் ஒரு திருமணத்தை நடத்தலாம், ஒரு வழக்கை முடிக்கலாம். என் அப்பா அந்தப் பெயரைக் கையெழுத்தில்லாமலே செல்லுபடியாகிற பெயராக வைத்துவிட்டுப் போனார். அதை இன்னொருவன் வேட்டி மாதிரி எடுத்துக் கட்டிக்கொண்டு முதுநகரில் உட்கார்ந்திருக்கிறான் என்பது தவிர எனக்கு வேறு எதுவும் நினைவில் ஓடவில்லை.

ஞானப்பிரகாசம் வாசலிலேயே காத்திருந்தான். உள்ளே கேபிள்களும் விளக்குகளுமாகக் கிடந்தன. பின்பக்க முற்றத்தில், வேப்பமர நிழலில், பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த ஆள் இருந்தார். என் வயதுதான். முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் ஒரு தாம்பூலத் தட்டு. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், வாழைப்பழம், தேங்காய் எல்லாம் முறையாக வைத்திருந்தது.

நீங்கள் யார் என்று கேட்டேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். "சிதம்பரம் தங்கராசு. நீங்க?"

"நானும் அதே ஆளுதான்" என்றேன்.

காபி கிளாஸை அவர் மெதுவாகக் கீழே வைத்தார். எழுந்தார். எழும்போதே, கடன் வாங்கியிருந்த என் நிமிர்ந்த முதுகை இறக்கி நாற்காலியில் வைத்துவிட்டு, தோள் குறுகிய வேறு ஒரு மனிதராக எழுந்தார். பெயர் பொன்னுரங்கம் என்றார். சினிமாவில் துணை நடிகர். ஊர்ப் பெரிய மனிதர், பெண்ணின் அப்பா, பஞ்சாயத்தில் நான்காவதாக உட்காருகிறவர், இதெல்லாம் அவர் வேடங்கள். வசனம் கிடையாது. கயல்விழிக்குப் பெரியப்பாவாக ஏற்கெனவே சில படப்பிடிப்புகளுக்கு வந்திருக்கிறார்.

"உங்க பேருக்கு நான் ஒரு குறையும் வக்கலங்க" என்று கைகூப்பினார். "சிரிக்கக்கூட மாட்டேன். சிரிச்சா பாப்பா திட்டும். எங்க பெரியப்பா வெளியாளு முன்னாடி சிரிக்க மாட்டாருன்னு."

ஞானப்பிரகாசம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியதை நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

அதற்குள் கட்டடத்துக்குள்ளிருந்து கயல்விழி வந்தாள். மஞ்சள் சுடிதார், சொந்த முடிக்கு மேல் நீளமான சுருட்டை விக், இடுப்பில் கயிறு மாட்டுவதற்காகப் பட்டை பட்டையாக ஒரு பெல்ட். கூடவே ஐம்பது தாண்டிய, குட்டையான ஒரு வெளிநாட்டுக்காரர், ஒரு முழங்காலை மடக்காமல் நடந்து வந்தார். வேட்டி கட்டிய இரண்டு பெரியவர்களைப் பார்த்ததும் அவர் நின்றார். அவள் அதற்கு முன்பே நின்றுவிட்டாள்.

"பெரியப்பா" என்றாள். பொன்னுரங்கத்தைப் பார்த்து அல்ல.

அந்த மனிதர்தான் சண்டைப் பயிற்சியாளர். கொரியாக்காரர், ஹான் கியு-சோல். யூனிட்டில் எல்லோரும் ஹான் மாஸ்டர் என்றார்கள். யார் உண்மையான பெரியப்பா என்று அவளிடம் கேட்டார். அவள் என்னைக் காட்டினாள். முன்பு வந்ததெல்லாம் இவரா என்று பொன்னுரங்கத்தைக் காட்டிக் கேட்டார். ஆமாம் என்றாள். அவர் கோபப்படவில்லை. குனிந்து, அவள் இடுப்பு பெல்ட்டின் கொக்கிகளைத் தன் கையாலேயே ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிறகு உள்ளே திரும்பி ஒரு ஸ்டண்ட்காரரைக் கூப்பிட்டு, விக்கை வாங்கி மாட்டிக்கொள்ளச் சொன்னார். கயல்விழியிடம், "நீ இன்னிக்கி வேணாம், நாளைக்கும் வேணாம்" என்றார். அவருடைய தமிழ் ஸ்டண்ட்காரர்களிடம் கற்ற தமிழ்.

என்ன நடந்தது என்பதை ஸ்வேதா என்ற உதவி இயக்குநர் பெண் எனக்கு விளக்கினாள். கதாநாயகியை வில்லனின் ஆட்கள் மேல்தளக் கதவிலிருந்து தள்ளுகிறார்கள். அவள் மல்லாந்து விழ வேண்டும். அந்தக் காலத்தில் ஐஸ் பார்களை லாரிக்கு இறக்குவதற்காக வைத்த கதவு, நன்றாக வளர்ந்த தென்னையின் உயரம் இருக்கும். கதாநாயகிக்குப் பதிலாக விழுவது கயல்விழி. இந்த விழுதலை அவள் சரியாகச் செய்துவிட்டால், அடுத்த படத்திலிருந்து ஹான் மாஸ்டருக்கு உதவியாளர். சண்டையை அமைக்கிற வேலை. அவருடைய குழுவில் அந்த இடத்துக்கு இதுவரை பெண் வந்ததில்லை. ஆனால் வீட்டுப் பெரியவர் ஒருவர் நேரில் வந்து, பார்த்து, தாம்பூலம் வாங்காமல் அவர் யாரையும் உயரத்திலிருந்து விழ விடமாட்டார். அந்த விஷயத்தில் பொய் சொன்னவரைக் குழுவிலும் வைத்துக்கொள்ள மாட்டார்.

எனக்கு அது சரியென்றே பட்டது. அவர் கேட்டிருந்தாலும் நான் மறுத்திருப்பேன். வேலை தானாக முடிந்துவிட்டது.

கயல்விழி கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து முழங்கால் பேடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா உட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் பெரியப்பா."

வீட்டில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன். அவள் பேடிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அம்மாவுக்குத் தெரியும். பெரியம்மாவுக்கும் தெரியும்."

தம்பி மனைவி பவானி எனக்கு எதிரே நின்று இதுவரை ஒரு வார்த்தை அதிகம் பேசியதில்லை. என் மனைவி நேற்று இரவுகூட, கயலுக்கு லீவு கிடைக்கவில்லையாம் என்று எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். அந்த வீட்டில் தெரியாத ஒரே ஆள் வீட்டுத் தலைவன்.

ஹான் மாஸ்டர் இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்குப் போட்டுவிட்டு, அவர் ஒரு மரப்பெட்டியில், என்னைவிடத் தாழ உட்கார்ந்தார். கால் மடங்காததால் அதை நீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு மன்னிப்புக் கேட்டார். என் இடத்தில் இன்னொருவரை ஏற்றுக்கொண்டது தன் தவறு, சிதம்பரத்துக்குத் தான் வந்து பார்த்திருக்க வேண்டும் என்றார். தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார். நம் பிள்ளைகளுக்கு இப்போது இது மறந்துவிட்டது.

இந்தத் தாம்பூலப் பழக்கம் உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். அவர் ஆங்கிலமும் தமிழும் கலந்து சொன்னார். விட்ட இடத்தை ஞானப்பிரகாசமும் ஸ்வேதாவும் நிரப்பினார்கள்.

கொரியாவின் தென்கடலோரத்தில் ஒரு துறைமுக ஊர் அவருடையது. அம்மா கருவாடு விற்றவர். உப்பனாற்றுக் காற்று மூக்கில் பட்டதும் ஊர் ஞாபகம் வந்தது என்றார். இளவயதில் டேக்வாண்டோ கற்று, போட்டிகளில் பெரிதாக வெல்லாமல், தலைநகருக்குப் போய் ஸ்டண்ட் பள்ளியில் சேர்ந்தார். முதல் வேலை பிணம். ராஜா காலத்துக் கதை ஒன்றில் மார்பில் அம்போடு பனியில் கிடக்க வேண்டும். அடுத்தடுத்து எல்லா ராஜாக்களின் காலத்திலும் செத்தார். குதிரையிலிருந்து, படிக்கட்டிலிருந்து, ஓடுகிற காரிலிருந்து விழுந்தார். பெரிய நடிகர்களின் முதுகாக இருந்தார். அம்மா தியேட்டருக்குப் போய்விட்டு வந்து, உன்னை எங்கேயும் காணோமே என்பாராம். கூட்டத்தில் முகம் காட்டாதவனைப் பார், அதுதான் நான் என்று இவர் சொல்வாராம். படம் முடிந்து வெளியே வருகிற எல்லோரையும் அம்மா, அதில் மகன் முதுகு இருக்குமோ என்று பின்பக்கமாகப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று சொல்லி அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனால் அந்த அம்மாள் நிற்பது எனக்குத் தெரிந்தது.

பிறகு ஒரு குதிரை அவர் முழங்கால் மேலேயே விழுந்தது. இனி விழ முடியாது என்று ஆனபின்தான், மற்றவர்கள் எப்படி விழ வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கினார். சண்டை அமைப்பதில் பெயர் வந்தது. ஒரு தமிழ்ப் படத்துக்காகச் சில வாரத்துக்கென்று சென்னைக்கு வந்தவர், அடுத்த படம் அடுத்த படம் என்று இங்கேயே தங்கிவிட்டார்.

பெயர் வருவதற்கு முன்பு நடந்த ஒன்றையும் சொன்னார். அவர்கள் குழுவில் ஒரு மூத்தவர், இவருக்கு அண்ணன் மாதிரி. ஒரு அணைக்கட்டின் மேலிருந்து விழும் காட்சியில் இறந்துபோனார். அவருடைய அப்பாவிடம் போய்ச் சொல்ல இவரைத்தான் அனுப்பினார்கள். அந்த அப்பா பூண்டு பயிரிடுகிற விவசாயி. மகன் ஏதோ உடற்பயிற்சி நிலையத்தில் வேலை செய்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தவர். அவர் அழவில்லை. எவ்வளவு உயரம், கீழே என்ன போட்டிருந்தீர்கள், கயிற்றைப் பிடித்தது யார் என்று கேட்டார். இவர் அந்த நேரம் சாப்பிடப் போயிருந்ததால் எதற்கும் பதில் தெரியவில்லை. இவர் கிளம்பும் வரை அந்த மனிதர் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

அதனால்தான், தான் மாஸ்டர் ஆனபின் இந்த ஏற்பாட்டை வைத்தாராம். வீட்டு ஆள் ஒருவர் வந்து உயரத்தைப் பார்க்க வேண்டும், கீழே இருப்பதைத் தொட்டுப் பார்க்க வேண்டும், கயிறு பிடிக்கிறவரின் முகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் நாட்டில் அந்த வீட்டு ஆளுக்கு ஒரு கோப்பை அரிசி மது கொடுப்பார். இங்கே அதைக் கொடுத்தபோது குடும்பஸ்தர்கள் எழுந்து போய்விட்டார்கள். நம் பக்கம் ஒருவர் சம்மதத்தைக் கேட்பதென்றால் தாம்பூலம்தான் கொடுக்க வேண்டும் என்று ஒரு வயதான காஸ்ட்யூமர் சொல்லிக்கொடுத்தார்.

"தாம்பூலம் வாங்கினா வார்த்தை குடுத்த மாதிரி. கரெக்டா ஐயா?" என்று என்னிடம் கேட்டார்.

சரிதான் என்றேன். சொன்னபிறகுதான் அந்தத் தட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

தாம்பூலம் என்றால் என்ன என்பதை என்னிடம் யாரும் கேட்கத் தேவையில்லை. சேத்தியாத்தோப்பில் ஒரு கல்யாணம். நிச்சயதார்த்தம் முடிந்து தாம்பூலம் மாற்றியபின், அதைவிட வசதியான இடம் வந்ததென்று மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினார்கள். தாம்பூலத்தை வாங்கியது நாங்களல்ல, எங்கள் பங்காளி ஒருவர் முந்திக்கொண்டு வாங்கிவிட்டார் என்று காரணம் சொன்னார்கள். ஊர்ப் பேச்சுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். யார் கை நீட்டினால் என்ன, யார் பெயரைச் சொல்லி வாங்கப்பட்டது என்று நான் கேட்டேன். சபையில் அந்தப் பெயரைச் சொன்னபோது மறுக்காதவர்கள் இப்போது மறுக்க முடியாது என்றேன். அந்தக் கல்யாணம் நடந்தது. அந்தப் பெண்ணுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பொன்னுரங்கம் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "இது உங்களுதுங்க. நான் வச்சிருக்கக் கூடாது" என்றார்.

காலையில் இதை எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

எல்லோரும் நிற்க, சிதம்பரம் தங்கராசு அவர்களிடம் கொடுக்கிறேன் என்று மாஸ்டர் சொன்னாராம். இவர் எழுந்து, துண்டைத் தோளில் சரிசெய்து, இரண்டு கையாலும் வாங்கினாராம். டைரக்டர் முதல் சமையல்காரர் வரை பார்த்திருக்கிறார்கள். "பொண்ணு எங்க வீட்டுப் பொண்ணு. பாத்துக்கங்கன்னு சொன்னேங்க" என்றார். அப்படிச் சொல்லச் சொல்லிக்கொடுத்தது கயல்விழி. எப்படி நிற்க வேண்டும், கையை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும், உள்ளே நுழைந்ததும் இங்கே யார் பொறுப்பு என்று கேட்க வேண்டும், எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்ததுதான். ஒருமுறை இவர் சற்றுத் தளர்ந்து நின்றபோது, அப்படி நின்றால் எனக்கு மேலேயிருந்து குதிக்க வராது என்று கோபித்துக்கொண்டாளாம்.

முற்றத்தின் மறுபக்கம் விக் வைத்துக்கொண்டிருந்த ஸ்டண்ட்காரரின் அப்பாவும் அதே யூனிட்டில் இருந்ததால் தாம்பூலத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை; ஆனால் மகனுக்கு அடர்ந்த மீசை. எடுத்துவிடட்டுமா என்று அவர் கேட்க, முகம் தெரியாது, ஆனால் மல்லாந்து விழுவதால் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று ஒப்பனைக்காரர் யோசித்துக்கொண்டிருந்தார். "ஊருக்குப் போயி பொண்டாட்டிக்கு என்னா சொல்வேன்" என்று அவர் புலம்பினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதில் ஒருவர் என் காதில் விழுவது தெரியாமல், "பொண்ணு நல்லாத்தான் செய்யும். பெரியவரு பயந்துட்டாரு" என்றார்.

நான் பயப்படவில்லை என்று சொல்லப்போவதில்லை. ஆனால் தங்கராசு காலையில் சபையில் வார்த்தை கொடுத்தான், மத்தியானம் பயந்து திரும்ப வாங்கிக்கொண்டான் என்று இவர்கள் சென்னைக்குப் போய்ச் சொல்வார்கள். அது பொன்னுரங்கம் கொடுத்த வார்த்தை என்று ஒவ்வொருவராகப் பிடித்து விளக்கிக்கொண்டிருக்க முடியாது. சேத்தியாத்தோப்பில் அந்த விளக்கத்தைத் தள்ளியவன் நான்தான்.

ஹான் மாஸ்டரிடம் போனேன். என் பெயரில் தாம்பூலம் வாங்கியாகிவிட்டது, எங்கள் வீட்டில் வாங்கிய தாம்பூலம் திரும்புவதில்லை என்றேன். பொய் சொன்னதற்கு அவளை அவர் விசாரிக்கலாம், வீட்டில் நானும் விசாரிப்பேன், நாளைக்கு அவள் வேண்டுமா வேண்டாமா என்பது அவர் பாடு. ஆனால் இன்றைக்குக் கொடுத்த வார்த்தை நிற்கிறது. பார்க்க வேண்டியதைக் காட்டச் சொன்னேன்.

அவர் கயல்விழியைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றிருந்தாள், ஒரு காலில் பேடு, ஒரு காலில் இல்லை. பொன்னுரங்கத்திடமிருந்து அவர் தட்டை வாங்கி, முற்றத்தின் நடுவில் வந்து, இரண்டு கையாலும் எனக்கு நீட்டினார். நான் துண்டைச் சரிசெய்துகொண்டு வாங்கினேன். தேங்காய் கனமாக இருந்தது.

மேல்தளக் கதவுக்கு ஏறிப் போனோம். அங்கிருந்து ஆறும், மீன்பிடிப் படகுகளும், ரயில் பாதையும் தெரிந்தன. கீழே பார்த்தேன். அட்டைப்பெட்டிகளை வெறும் பெட்டிகளாகவே வரிசை வரிசையாக அடுக்கி, மேலே மெத்தை போட்டு, சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். இறங்கி வந்து அந்தப் பெட்டிகளைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். அவை என்னத்தைத் தாங்கும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளவும் இல்லை. கயிறு பிடிக்கிறவர் பெயர் டோனி என்றார்கள். ஞானப்பிரகாசம் போகிற மாதா கோயில் ஆள்தான், இந்த முதுநகரிலேயே பிறந்தவர். உள்ளங்கையைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். காட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுப் பொண்ணு" என்றேன். "தெரியும் ஐயா" என்றார்.

படத்தில் இவள் பெயர் வருமா என்று ஹான் மாஸ்டரிடம் கேட்டேன். வராது என்றார். கேட்பேன், இல்லை என்பார்கள், மறுபடியும் கேட்பேன் என்றார். வரும் என்று அவர் எளிதாகச் சொல்லியிருக்கலாம். இல்லை என்று சொல்லத் தெரிந்தவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

கயல்விழிக்குப் பெல்ட்டை மறுபடியும் அவரே மாட்டினார். கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். போகிற வழியில் அவள் என் எதிரே நின்றாள். காலில் விழப் பார்த்தாள். அத்தனை பேர் முன்னால் அந்த விக்கோடு வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். திருநீறு இல்லை. வலக்கையை அவள் நெற்றியில் வைத்து எடுத்தேன். மேக்கப் கையில் ஒட்டிக்கொண்டது.

யாரோ பூசணிக்காய் உடைத்தார்கள். எல்லோரும் விலகினார்கள். மேலே கதவில் மஞ்சள் உடை தெரிந்தது. அவளைத் தள்ளுகிற ஆட்கள் இருவர் பின்னால் நின்றார்கள். டைரக்டர் ஏதோ சொன்னார்.

அவள் விழுந்ததை நான் பார்த்தேன். கண்ணை மூடவில்லை. விழும்போது அவள் என் தம்பி மகளாகத் தெரியவில்லை. கைகள் விரிந்து, முதுகு வளைந்து, உண்மையிலேயே யாரோ தள்ளிவிட்ட ஒரு பெண் விழுந்தாள். கயிறு ஒருமுறை விம்மியது. பெட்டிகள் நொறுங்குகிற சத்தம் ஒரு பெரிய மரம் முறிவதுபோல் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. பெட்டிகளுக்குள்ளிருந்து ஒரு கை மேலே வந்தது. ஆட்கள் கைதட்டினார்கள். ஞானப்பிரகாசம் சிலுவை போட்டுக்கொண்டான்.

அவளை இழுத்து எழுப்பி உட்கார வைத்தார்கள். விக் ஒருபக்கம் சரிந்திருந்தது. ஹான் மாஸ்டர் விரல்களையும் கழுத்தையும் அசைத்துப் பார்க்கச் சொன்னார். எல்லாம் அசைந்தன. நான் தட்டை அப்போதும் கையில் வைத்திருந்ததைக் கவனித்து ஸ்டூலில் வைத்தேன்.

அப்போது டைரக்டர் மானிட்டரிலிருந்து எழுந்து வந்தார். விழும்போது ஒரு இடத்தில் கயிறு தெரிகிறது, இன்னொரு தடவை போக வேண்டும் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். இன்னொரு டீ கேட்பதுபோல.

ஹான் மாஸ்டர் காலை இழுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். ஒவ்வொரு விழுதலுக்கும் புதிதாகக் கேட்க வேண்டும் என்பது அவர் வழக்கம். கையில் தட்டு எதுவும் இல்லை. இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் சேர்த்துக்கொண்டு நின்றார். டைரக்டர், ஸ்வேதா, டோனி, எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

நான் கயல்விழியைப் பார்த்தேன். நொறுங்கிய பெட்டிகளின் விளிம்பில் உட்கார்ந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. மேலே கதவைப் பார்த்தாள், பிறகு கயிறு ஓடுகிற கப்பியை, பிறகு டோனி நின்ற இடத்தை. எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அதில் நான் வேண்டாம் என்று சொல்வதற்கும் சரி என்று சொல்வதற்கும் இடமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அங்கே என்ன நடந்ததென்று தெரிந்த ஆள் அவள்தான்.

"விழப்போறது அவ" என்றேன். "அவளக் கேளுங்க."

ஹான் மாஸ்டர் என்னை ஒரு கணம் பார்த்தார். தலையைத் தாழ்த்திவிட்டு அவளிடம் போனார். அவள் டோனியைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். கயிறு முன்னாலேயே இறுகிவிடுகிறது, இன்னும் சற்றுத் தாமதித்துப் பிடித்தால் கேமராவுக்கும் தெரியாது, தன் இடுப்புக்கும் நல்லது என்றாள். டோனி அது முடியாது என்று வாதாடினார். கப்பியை இரண்டு அடி தள்ளிக் கட்டலாமா என்று அவள் கேட்டாள். ஹான் மாஸ்டர் தன் கையைச் சாய்த்துக் காற்றில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். அவள் அந்தக் கோட்டைத் தன் கையால் சற்றுத் தாழ்த்தினாள். அவர் யோசித்து, "ஓகே" என்றார். டோனி தலையைச் சொறிந்துகொண்டே கயிற்றைச் சரிபார்க்கப் போனார்.

பெட்டிகளை மறுபடியும் அடுக்கத் தொடங்கினார்கள். ஞானப்பிரகாசம் நாற்காலியைக் கொண்டுவந்து என் பின்னால் போட்டான். "உக்காரு மச்சான். இவுங்க கட்டி முடிக்க நேரமாவும்" என்றான். நாற்காலி பெட்டி தூக்கி வருகிறவர்களின் வழியில் இருந்தது. அதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, நான் நின்றேன்.